பூந்திக்கு ஈரப்பதம் அறுபது

ஜனவரி 4, ஞாயிறு

முப்பத்தைந்து வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் நான். உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றேன். டிரான்ஸ்பார்மர் வெடித்த இடங்களுக்குக் கொட்டும் மழையில் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத எரிச்சல் நூற்று முப்பது கிராம் எடையுள்ள ஒரு பிராணியால் வருகிறது.

நவம்பரில் மகன் மணிவாசகன் பெங்களூரிலிருந்து வந்தபோது ஒரு கண்ணாடித் தொட்டியும் துணிப்பையும் கொண்டுவந்தான். பைக்குள் மலைப்பாம்புக் குட்டி. ஆப்பிரிக்க இனமாம். பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளுமாம், கடிக்காதாம். "மூணே வாரம்ப்பா. அங்க வீடு மாத்தறேன். மாத்துனதும் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றான். இன்றோடு ஏழு வாரம்.

மருமகள் சுகிர்தா அதற்குப் பூந்தி என்று பேர் வைத்திருக்கிறாள். உடம்பு முழுக்க மஞ்சள் வட்டங்கள் என்பதால். நான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அதற்குக் காது கிடையாது.

எங்களுடையது சைவ வீடு. முட்டைகூட உள்ளே வந்ததில்லை. இப்போது ஃப்ரீசரில் ஒரு டப்பா நிறைய எலிக்குஞ்சுகள் உறைந்து கிடக்கின்றன. சமையலுக்கு வந்துகொண்டிருந்த பட்டம்மா ஐஸ் எடுக்கத் திறந்தவள், செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். இன்னும் வாசலில்தான் கிடக்கிறது அந்தச் செருப்பு. என் மனைவி சிவகாமி இருந்திருந்தால் மகனையும் பாம்பையும் சேர்த்தே வெளியே அனுப்பியிருப்பாள். அவள் போய் ஐந்து வருடம் ஆகிறது.

சுகிர்தா இங்கே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள், அதனால்தான் மணியோடு பெங்களூர் போகவில்லை. காலை ஆறு மணிக்குப் போனால் மூன்றுக்குத்தான் வருவாள். அதுவரை பாம்புக்குக் காவல் நான்.

ஜனவரி 6, செவ்வாய்

நாள் முழுவதும் கவிழ்த்த மண்சட்டிக்குள்ளேயே கிடந்தது. இதைப் பார்ப்பதற்குத்தான் தொட்டிக்கு நாலு பக்கமும் கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 8, வியாழன்

தொட்டியின் அடியில் ஒரு சூட்டுப் பாய் இருக்கிறது. பாம்புக்கு ஒரு பக்கம் முப்பத்தொரு டிகிரி வேண்டுமாம். இரவும் பகலும் ஓட வேண்டுமாம். ஆள் தூங்கும்போது சூடாகிற சாதனத்தை விட்டுவைத்ததால் நடந்த தீ விபத்துகளுக்கு நான் எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறேன்! அதனால் படுக்கப் போகுமுன் அணைத்துவிடுகிறேன். விடிகாலை சுகிர்தா எழுந்திருக்குமுன் போட்டுவிடுகிறேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வாதம் வரும்.

ஜனவரி 11, ஞாயிறு

வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மாலை, சாப்பாடு. சுகிர்தா காலையிலேயே எலிக்குஞ்சை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றினாள். ஐந்து மணிக்கு அதை ஒரு பையில் கட்டி வெந்நீரில் மிதக்கவிட்டாள்.

"எதுக்கும்மா அதுக்குக் குளியல்?"

"உடம்புச் சூடு இருக்கோணுங்க மாமா. இல்லாட்டி அது எலின்னே நம்பாது."

நீள இடுக்கியால் பிடித்து நீட்டினாள். பாம்பு வெகுநேரம் யோசித்தது. பிறகு நான் கண் சிமிட்டிய நேரத்தில் பாய்ந்து கவ்வி, மூன்று சுற்றுச் சுற்றி, ஐந்து நிமிடம் நெரித்தது. செத்து ஒரு மாதமான எலியை.

"இனி ரெண்டு நாளைக்குத் தொடக் கூடாதுங்க மாமா. தூக்கவும் கூடாது. தொந்தரவு பண்ணினா கக்கிரும்."

"நான் ஏன் தூக்கப் போறேன்? எனக்கென்ன வேற வேலையில்லையா?"

வேறு வேலை இல்லைதான்.

ஈரப்பதம் காட்டும் மீட்டரில் முப்பத்தெட்டு. அறுபது இருக்க வேண்டுமாம். கோயம்புத்தூர்க் காற்று உலர்ந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மணி போன் செய்தான். பாம்பு சாப்பிட்ட வீடியோ கேட்டான். சுகிர்தாவிடம் பேசுகிறாயா என்றேன். மீட்டிங் இருக்கிறது என்றான். ஞாயிற்றுக்கிழமை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

மணி வரவில்லை. ஆபீஸ் வேலை. சுகிர்தாவின் அப்பா போன் செய்து, "மாப்பிள்ளை வந்துட்டாருங்களா?" என்று கேட்டார். வேலை நெருக்கடி என்று நானே சொல்லிவிட்டேன். சுகிர்தா பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு மணி அழைத்தான். வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "தன்வி, ஒரு நிமிஷம்" என்று யாரிடமோ சொன்னான். கூட வேலை செய்கிற பெண்ணாக இருக்கும்.

சுகிர்தா மதியம் ஒரு சினேகிதி வீட்டுக்குப் போனாள். தொட்டியைப் பார்த்தேன். பாம்பின் வயிறு ஒட்டிக் கிடந்தது. பண்டிகை நாளில் வீட்டில் ஒரு ஜீவன் பட்டினி கிடப்பதா? பார்த்துச் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். நூற்று ஐம்பத்தெட்டு. நல்ல முன்னேற்றம்.

ஜனவரி 17, சனி

காலையில் ஒரே நாற்றம். கழிவுநீர்த் தொட்டியைத் திறந்த மாதிரி. தொட்டிக்குள் பாதி கரைந்த எலி, முடியும் சளியுமாக. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக் கிடந்தது.

"கக்கிருச்சுங்க மாமா." சுகிர்தா கையுறை போட்டுச் சுத்தம் செய்தாள். "ஞாயித்துக்கிழமை தின்னது எப்பவோ செமிச்சிருக்கோணுமே. அதுவும் நான் குடுத்தது இத்தனை பெருசு இல்லீங்களே."

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

அரைநாள் விடுப்புப் போட்டாள். ஆட்டோவில் போனோம். பாம்புகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவர் ஊரிலேயே ஒருவர்தானாம், டாக்டர் ஃபரீதா. என் மகன் வயதுகூட இருக்காது. பாம்பின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை விரலால் நீவினார், எடை போட்டார். நூற்றுப் பதினெட்டு.

"ராத்திரி சூடு எவ்வளவு இருக்கு?"

"முப்பத்தொண்ணுங்க டாக்டர்" என்றாள் சுகிர்தா.

டாக்டர் என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை. என் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"ராத்திரி அணைச்சிருவேன்" என்றேன். "பாதுகாப்புக்கு."

"சார், நமக்கு உடம்பே சூடு தயார் பண்ணிக்கும். இதுக்கு முடியாது. வயித்துல எலி இருக்கும்போது இருபது டிகிரிக்குப் போனா செரிமானம் அப்படியே நின்னுரும். உள்ள இருக்கிறது அழுகும். அழுகினா அது கக்கித்தானே ஆகணும்? கக்கும்போது வயித்து அமிலமும் சேர்ந்து போயிரும். திரும்ப ஊற ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள சாப்பாடு குடுத்தா மறுபடியும் கக்கும். குட்டிங்க ரெண்டு மூணு தடவை கக்கினா பிழைக்கிறது கஷ்டம்."

பதினான்கு நாள் எதுவும் தரக் கூடாது. பிறகு பாதி அளவு. ஈரப்பதம் அறுபதுக்குக் கீழே போகக் கூடாது. உடம்பு வறண்டால் குடலும் வறளும்.

பதிவுச் சான்றிதழைக் கேட்டார். வெளிநாட்டு இனம் என்பதால் அரசுப் பதிவு உண்டு. சுகிர்தா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் மணியின் பேர் இல்லை. தன்வி என்று இருந்தது. இரண்டு தரம் படித்தேன். விற்ற கடைக்காரியின் பேராக இருக்கும்.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னேன். "பொங்கலன்னிக்கு நான் ஒண்ணு குடுத்தேன். பெருசாத்தான் இருந்துச்சு. மறுநாள் எடை பார்க்கத் தூக்கினேன்."

"தெரியுங்க மாமா. டப்பால எண்ணி வெச்சிருந்தேன்."

"கேட்டிருக்கலாமே?"

"நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்." பாம்புப் பெட்டியை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க சொல்லாம வெச்சிருந்தது அது ஒண்ணுதானுங்களா?" என்றாள்.

சூட்டுப் பாயைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 22, வியாழன்

தெர்மோஸ்டாட் வாங்கிப் பொருத்திவிட்டேன். வந்த ஒயர் மட்ட ரகம். மாற்றினேன். தனி ஃப்யூஸ் வைத்தேன். இனி இரவெல்லாம் ஓடலாம். முப்பத்தொன்றில் நிற்கிறது, அரை டிகிரி அசையவில்லை. சுகிர்தா வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதுங்க மாமா" என்றாள். அது பாராட்டா என்று தெரியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

ஈரப்பதம்தான் உயிரை வாங்குகிறது. காலையில் தெளித்தால் எழுபது. பத்து மணிக்கு ஐம்பது. மதியம் முப்பத்தைந்து. பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து வீசுகிற காற்றுக்கு வேறு வேலையே இல்லை, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து பாம்பின் தொட்டியை உலர்த்துகிறது. அதிகம் தெளித்தால் அடித்தரை நனைந்து வயிற்றுச் செதில் புண்ணாகும் என்கிறார் டாக்டர். காற்றில் ஈரம் இருக்க வேண்டும், தரையில் இருக்கக் கூடாது. இதை எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஜனவரி 27, செவ்வாய்

பொள்ளாச்சிக்குப் பஸ் பிடித்துப் போய்த் தென்னைநார்த் தூள் வாங்கிவந்தேன். நான்கு விரல் உயரம் போட்டு, அடி மட்டும் ஈரமாக இருக்கும்படி ஓரத்தில் தண்ணீர் ஊற்றினேன். வலைமூடியில் முக்கால் பங்கை அடைத்தேன். மாலை ஆறு மணிக்கு ஐம்பத்தொன்பது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, பாம்பைப் பார்த்தார், போய்விட்டார்.

பிப்ரவரி 2, திங்கள்

பதினாறு நாள் கழித்து எட்டு கிராம் குஞ்சு ஒன்று. எடுத்துக்கொண்டது. நானும் சுகிர்தாவும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 5, வியாழன்

கக்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

இன்னொரு எட்டு கிராம். எடுத்துக்கொண்டது. சுகிர்தா சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்துக் கேட்டு நாளாகிவிட்டது. பூந்தி வயிற்றில் சின்னப் புடைப்போடு சட்டிக்குள் போனது.

பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு மணி வந்தான், காரில். சொல்லாமல். சுகிர்தா வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்திருக்கிறான் என்பது எனக்கு உடனே புரிந்தது. காபி வேண்டாம் என்றான். நேராகத் தொட்டியிடம் போனான்.

"எடுத்துட்டுப் போக வந்தேன்ப்பா."

"நேத்து சாயங்காலம்தான் சாப்பிட்டிருக்கு. ரெண்டு நாளைக்கு அசைக்கவே கூடாது. வியாழக்கிழமைக்கு மேல வா."

"எனக்கு இன்னிக்குத்தான் லீவு. டப்பால வெச்சா ஒண்ணும் ஆகாதுப்பா. ஏழு மணி நேரம்தானே."

"போன மாசம் கக்கிச் சாகப் பார்த்துது. உனக்குத் தெரியுமா? ஒரு தடவை கேட்டியா?"

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் தள்ளி, சட்டியைத் தூக்கி, அதை எடுத்துவிட்டான். பந்தாகச் சுருண்டுகொண்டது. கைபேசியை எடுத்து யாருக்கோ வீடியோவில் காட்டினான். "பாரு, எவ்வளவு வளந்திருக்கு!" மறுமுனையில் பெண் குரல்.

"வெய்யடா கீழே!" என்று கத்தினேன். அப்படி அவனை நோக்கிக் கடைசியாகக் கத்தியது அவன் பத்தாம் வகுப்புப் படித்தபோது. வைத்துவிட்டான். நான் மூடியைச் சாத்தினேன்.

"யார் வீட்டுப் பாம்புடா இது?" என்றேன்.

கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு, "அவ இருந்த விடுதியில வெச்சுக்க விடலப்பா. எனக்கு வேற இடம் தெரியல" என்றான்.

அவளுடைய பாம்பை இவளுடைய வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அதற்கு இவள் வெந்நீர் போட்டு எலி சூடுபண்ணிக் கொடுத்திருக்கிறாள்.

"சுகிர்தா வர்ற வரைக்கும் நீ இங்கேயிருந்து நகரக் கூடாது. எதுவானாலும் அவ முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போ."

உட்கார்ந்திருந்தான். மூன்றே காலுக்கு அவள் வந்தாள். அவனைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். சட்டி இடம் மாறியிருந்தது. "தூக்கினீங்களா?" என்பதுதான் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி.

அவன் சொன்னான். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, பிரிந்துவிடலாம், உனக்குத் தெரியாமல் இழுத்தடித்தது தப்பு, எல்லாம் சொன்னான். அழவும் செய்தான். சுகிர்தா கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"தன்விங்கிற பேரை நவம்பர்லயே பார்த்துட்டேன். தொட்டியோட வந்த பேப்பர்ல இருந்துச்சு" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"அப்ப ஏன் இதை வெச்சுப் பார்த்துக்கிட்டே?" என்றான் மணி.

"பாம்பு என்ன பண்ணுச்சு?"

எழுந்து நின்றவன், என் பக்கம் கையைக் காட்டி, "அப்பாவுக்குத் தீபாவளிக்கே தெரியும். அப்பவே சொல்லிட்டேன். அவர்தான் கொஞ்ச நாள் போகட்டும், மனசு மாறும்னு சொன்னாரு" என்றான்.

சுகிர்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆமாம். தீபாவளிக்கு மறுநாள் மொட்டைமாடியில் வைத்துச் சொன்னான். இந்த நோட்டில்கூட அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் கக்கியிருந்தது.

சுகிர்தா தானே பெட்டியில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். நானும் வருகிறேன் என்று சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். "வேண்டாங்க" என்றாள். மாமா என்று சேர்க்கவில்லை.

மணி நேற்று மாலையே கிளம்பிவிட்டான். போன் செய்து சொன்னேன். நான் வேண்டுமென்று செய்யவில்லையே என்றான். யாரும்தான் வேண்டுமென்று செய்வதில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

எடை தொண்ணூற்றாறு. தோலுக்கடியில் நீர் ஏற்றியிருக்கிறார்கள். தினமும் கால் மணி நேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். முப்பது டிகிரி, இரண்டு அங்குல ஆழம், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆள் என்று எழுதியிருக்கிறாள். நான்தான் அந்த ஆள்.

இதுவரை அதை வெறும் கையால் தொட்டதில்லை, எடை பார்த்தபோதும் துணியோடுதான் தூக்கினேன். வழவழவென்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. உலர்ந்த பட்டுத்துணி மாதிரி, மடிப்பு மடிப்பாக. ஒரு ஆரஞ்சுப் பழத்தின் கனம்கூட இல்லை. முதுகெலும்பு விரலில் நெருடியது. தண்ணீரில் விட்டதும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. கால் மணி நேரமும் கை தண்ணீரில்.

பிப்ரவரி 13, வெள்ளி

தண்ணீர்க் குளியல். ஈரப்பதம் 62. சுகிர்தா பேசவில்லை.

பிப்ரவரி 14, சனி

தண்ணீர்க் குளியல். ஈரப்பதம் 61. உப்புமா செய்தேன். தட்டில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

குளியலின்போது வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாம்பு என் கையில் இருந்தது. எழுந்து போகவும் முடியாது.

"ஏன் மாமா சொல்லலே?"

நாலு நாளாக இதற்கு எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். உன் நன்மைக்காக, குடும்ப மானத்துக்காக, அவன் திருந்துவான் என்பதற்காக. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"சொன்னா நீ போயிருவே, கண்ணு."

தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்தாள்.

"உங்க தனிமைக்காக என்னைய நாலு மாசம் முட்டாளா உக்கார வெச்சிருக்கீங்க."

"ஆமா."

"எங்கப்பா போன் பண்ணும்போதெல்லாம் நீங்க பொய் சொல்றதை நான் அடுப்படியில நின்னு கேட்டுட்டு இருந்தேன். ஆட்டோவுல கேட்டுப் பார்த்தப்பவும் நீங்க வாய் திறக்கலே. அப்ப உங்களுக்குத் தெரியாதுன்னே நம்பி, உங்களுக்காகப் பாவப்பட்டுட்டு இருந்தேன் மாமா. பையனைப் பத்தி ஒண்ணுமே தெரியாம இருக்காங்களேன்னு. அதுதான் எனக்கு ஆத்திரம்."

மன்னிச்சுக்கோ என்றேன். அந்த வார்த்தையை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. சிவகாமியிடம் சொல்லியிருக்க வேண்டும், சொன்னதில்லை.

"தண்ணி ஆறிருச்சுங்க. எடுங்க" என்றாள். துண்டை நீட்டினாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

சட்டை உரித்திருக்கிறது. முழுசாக இல்லை. துண்டு துண்டாக, கிழிந்த பிளாஸ்டிக் மாதிரி. உடம்பில் நீர் இல்லாததன் அடையாளமாம். கண்ணின் மேல் தோல் மட்டும் நல்லவேளையாகக் கழன்றுவிட்டது. ஈரப்பாசி நிரப்பிய டப்பாவுக்குள் விட்டதில் மிச்சமும் வந்தது. நனைந்த விரலால் கழுத்திலிருந்து வால் வரை நீவிவிட்டது நான்தான். இரண்டு மணி நேரம். இடுப்பு போய்விட்டது.

பிப்ரவரி 23, திங்கள்

சுகிர்தா சொன்னாள். அவளுடைய நிறுவனத்தின் கொச்சிக் கிளையில் இடம் காலியாக இருக்கிறதாம். கேட்டிருக்கிறாளாம்.

"கொச்சியில ஈரப்பதம் எவ்வளவு?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்க முடிந்தது.

"வருஷம் பூரா எழுபத்தஞ்சுங்க மாமா."

மாமா என்றாள்.

பிப்ரவரி 26, வியாழன்

பதினைந்து நாள் முடிந்தது. ஐந்து கிராம். இதைவிடச் சின்னது டாக்டரிடமே கிடையாது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுகிர்தா எலியின் தலையை மட்டும் மறுபடி வெந்நீரில் முக்கி நீட்டினாள். எடுத்துக்கொண்டது. வீட்டில் டிவி, மிக்ஸி, காலிங்பெல் எல்லாவற்றையும் மூன்று நாளைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன். பாம்புக்குக் காது கிடையாதே என்றாள். அதிர்வு இருக்கிறதல்லவா?

மார்ச் 1, ஞாயிறு

கக்கவில்லை.

சுகிர்தாவின் அப்பா அம்மா ஈரோட்டிலிருந்து வந்தார்கள். அவர்களிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். நான் மறைத்ததையும் சொன்னேன். சம்பந்தி எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்தார். "பெரிய மனுஷன் பண்ற வேலைங்களா இது?" என்றார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்துவிடு என்று மகளைக் கூப்பிட்டார்கள். அவள் கொச்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். அவள் அம்மா, "தனியாவா? பாம்போடவா?" என்று கேட்டு அழுதார். எதற்கு அதிகம் அழுதார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

தபாலில் ஒரு உறை வந்தது. பாம்பின் உரிமை மாற்றத்துக்கான படிவம், தன்வியின் கையெழுத்தோடு. ஒரு சின்னத் தாளும் இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. அது எங்கே இருந்தது, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தனக்குத் தெரியாது, தன்னிடம் நண்பன் வீடு என்று சொல்லப்பட்டது, இனி அது அங்கேயே இருக்கட்டும், மன்னிக்கவும் என்று.

சுகிர்தா படித்தாள். மடித்து வைத்தாள். "அவளையும் ஏமாத்தியிருக்காரு" என்று மட்டும் சொன்னாள். அவன் என் மகன் என்பதை நினைத்து இன்று முழுவதும் வெட்கமாக இருந்தது.

மார்ச் 5, வியாழன்

ஆறு கிராம். எடுத்துக்கொண்டது.

மார்ச் 9, திங்கள்

கக்கவில்லை. ஆனால் வெளியேயும் போகவில்லை. இரண்டு சாப்பாடு உள்ளே இருக்கிறது. நேற்று மஞ்சளாகக் கல் மாதிரி ஒரு துணுக்கு மட்டும் வந்தது. தண்ணீர் போதாது என்று அர்த்தம். வயிறு காலியானால்தான் பயணத்துக்கு அனுமதி என்கிறார் டாக்டர். என் வயதில் நான் இன்னொரு ஜீவனின் மலச்சிக்கலைப் பற்றி இத்தனை யோசிப்பேன் என்று யார் நினைத்திருப்பார்கள்?

மார்ச் 11, புதன்

போய்விட்டது! காலை எட்டே காலுக்கு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்ட ஐந்தாவது நிமிடம். கறுப்பாக, மெத்தென்று, கூடவே வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி. அந்த வெள்ளைதான் முக்கியம். குடலும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம்.

உடனே பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்தேன். யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாளாம். இன்னொரு பெண் போனை அவள் காதில் வைத்தாள்.

"போயிருச்சு கண்ணு! வெள்ளையா வந்துருக்கு!"

"நெசமாவா மாமா!" என்று கத்தினாள். ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவர் பயந்துபோய் என்னம்மா ஆச்சு என்று கேட்டது எனக்கே கேட்டது.

மார்ச் 13, வெள்ளி

வக்கீல் அலுவலகம். பரஸ்பர சம்மத மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மணி என்னை வீட்டில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டான். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். பிறகு, "சாப்பிட்டியாடா?" என்றும் கேட்டேன். தலையை ஆட்டினான். மெலிந்திருக்கிறான்.

மார்ச் 15, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வாடகைக் கார். அவள் சாமான்களெல்லாம் முன்னாலேயே வண்டியில் போய்விட்டன. பின்சீட்டில் அவள், நான், நடுவில் தெர்மாகோல் பெட்டி. உள்ளே துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டில், நனைத்துப் பிழிந்த துணி, பையில் பூந்தி. பெட்டிச் சுவரில் மீட்டரை ஒட்டியிருந்தேன். அறுபத்திரண்டு. டிரைவரை ஏ.சி. போடக் கூடாது என்று சொன்னதில் அவருக்கு என்மேல் கோபம்.

எல்லையில் சோதனைச் சாவடி. பெட்டியில் என்ன என்று கேட்டார் ஒரு அதிகாரி. சொல்வதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். திறந்த வேகத்தில் பின்வாங்கினார். சுகிர்தா காகிதங்களைக் கொடுத்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் இப்போது அவள் பேர். நிதானமாக ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

"கொச்சியில குடும்பத்தோட தங்கறீங்களா?"

"வேலைக்குப் போறேங்க."

"வீட்டுக்காரர் வரலையா?"

"வீட்டுக்காரர் இல்லீங்க. மாமா இருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கையெழுத்துக் கேட்டார், அவள் போட்டாள்.

இத்தனை நேரமும் மூடி திறந்தே கிடந்தது! ஒரு மூடியைத் திறந்தால் மூட வேண்டும் என்றுகூடவா தெரியாது? அத்தனை ஈரமும் காற்றோடு போய்விட்டது. துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து போட்டு, மூடியை அழுத்திச் சாத்தினேன். கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போகும்வரை, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தும், என்னால் மீட்டரைப் படிக்க முடியவில்லை.

அவள்தான் குனிந்து பார்த்துச் சொன்னாள். "அம்பத்தெட்டுங்க மாமா. ஏறுது."